பல்லைக் கடித்தலும் தலைவலியும்

நம் தமிழ் மக்களிடத்தில் “பல்லைக் கடித்துக்கொண்டு இரு” என்னும் புத்திமதி வெகுகாலமாக வழங்கி வருகின்றது. புகுந்த வீட்டுச் சுடுசொல்லைத் தாங்கமாட்டாமல் கண்ணீர் விடும் பெண்ணுக்கும் இதுவே சொல்லப்படுகிறது. மேலதிகாரியின் அதட்டலைப் பொறுக்கமாட்டாத இளைஞனுக்கும் இதுவே சொல்லப்படுகிறது. கடனுக்கு வட்டி கட்டியே ஓய்ந்துபோன குடும்பஸ்தனும் இரவில் தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கொள்கிறான். பொறுமை என்றால் நம்மவர் மனக்கண்முன் தோன்றும் உருவம் இறுகக் கடித்த பல்லே ஆகும். இப்புத்திமதி மனத்திற்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்னும் விவகாரம் ஒருபுறம் இருக்கட்டும். இதனைச் சொன்ன சொல் தவறாமல் நிறைவேற்றி வைக்கும் தேகம் என்ன பாடு படுகின்றது என்பதைச் சற்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசக அன்பர்கள் முதலில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க வேண்டுகிறோம். இரு கைகளின் விரல் நுனிகளையும் இரு பக்கத்து நெற்றிப்பொட்டுகளின்மீது மெல்ல வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைவாய்ப் பற்களை இறுகக் கடித்து விடுங்கள். விரல்களின் அடியில் ஏதோ ஒன்று புடைத்து எழுந்து பின் அடங்குவதை உணர்வீர்கள். அது எலும்பன்று, நரம்புமன்று, தாடையை மூடுகின்ற தசை. தலைவலி வந்தால் நாம் எவ்விடத்தில் தைலம் தேய்க்கிறோமோ, எவ்விடத்தில் துணியை இறுக்கிக் கட்டுகிறோமோ, அவ்விடமே பல்லைக் கடிப்பதற்கு உரிய தசையின் இருப்பிடமாகவும் இருக்கிறது. இவ்வொரு சங்கதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே சொல்லப் போவது எதுவும் கடினமாகத் தோன்றாது.

இத்தசை மண்டையின் பக்கத்தில் விசிறி விரித்தாற்போலப் பரந்து, கன்ன எலும்பின் உட்புறமாக இறங்கி, கீழ்த்தாடையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. கன்னத்தில் தாடைக் கோணத்திற்கு மேலே தடித்த தசை வேறொன்று உண்டு. இவையன்றி உட்புறத்திலும் இரண்டு தசைகள் இருக்கின்றன. கீழ்த்தாடை மண்டையோட்டுடன் பொருந்தும் இடம் காதுக்குச் சற்று முன்னால் உள்ளது. அங்கே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், குமிழ் போன்ற எலும்பு முனை நகர்ந்து செல்வது தெரியும். அதுவே தாடை மூட்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய தட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்திருக்கிறது. வலப்புற மூட்டும் இடப்புற மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகளாதலால், ஒன்றை விட்டு மற்றொன்று தனியே வேலை செய்ய இயலாது. நடுவிலுள்ள தட்டு தன் இடத்தினின்று சிறிது நழுவினால், வாய் திறக்கும்போது ‘டக்’கென்று ஓசை கேட்கும். வலியும் தடையும் இன்றி ஓசை மட்டும் இருக்குமானால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை, சிகிச்சையும் வேண்டியதில்லை. வலி சேர்ந்தால்தான் விஷயம் வேறாகின்றது.

இனி, பற்கள் எப்பொழுது ஒன்றையொன்று தொட வேண்டும் என்று பார்ப்போம். வாய் மூடியிருந்தால் பற்களும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். இயற்கை அவ்வாறு ஏற்படுத்தவில்லை. உதடுகள் மூடியிருக்க, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சிறிது விலகியிருக்க, நாக்கு மேலண்ணத்தை ஒட்டி இளைப்பாறிக்கொண்டிருப்பதே தாடையின் ஓய்வு நிலை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் பல்லோடு பல் படுகின்ற நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 நிமிஷந்தான் ஆகும் என்று பல் வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த 20 நிமிஷ வேலைக்காரனை மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் நிற்க வைத்து வேலை வாங்கினால் அவன் முறையிடாமல் என்ன செய்வான்? மூட்டையை இறக்கி வைக்க இடங்கொடாமல் தோளிலேயே சுமந்து நிற்கச் சொல்வது போன்றது அது. பலமாகக் கடிக்க வேண்டுமென்பதும் இல்லை. பற்கள் மெல்லப் படிந்திருந்தாலுங்கூட, மணிக்கணக்கில் அவ்வாறு இருக்குமாயின் தசை சோர்ந்து வலி எடுக்கும்.

தாடையில் உண்டான வலி தலையில் தெரிவானேன் என்று கேட்கலாம். மூளையினின்று புறப்படும் 12 ஜதை நரம்புகளில் ஐந்தாவது நரம்பே பல், தாடை, கன்னம், நெற்றி, நெற்றிப்பொட்டு ஆகிய இவ்வளவு இடங்களின் வலிச் செய்தியையும் கொண்டு செல்கின்றது. மூளையை மூடியிருக்கும் உறையின் பெரும்பாகத்திற்கும் அதுவே தூதன். கழுத்தின் மேற்பாகத்து நரம்புகளும் மூளைத் தண்டின் அடியில் இதனோடு ஒரே இடத்திற்கு வந்து சேருகின்றன. பல தெருக்களின் தபால்கள் ஒரே பையில் வந்து விழுமானால், எது எத்தெருவினின்று வந்தது என்பதில் தடுமாற்றம் ஏற்படுவது இயல்புதானே? கடைவாய்ப் பல்லின் நோய் காதுவலி போலத் தோன்றுவதும், தாடைத் தசையின் சோர்வு தலைவலியாகத் தோன்றுவதும் இக்காரணத்தினாலேயே ஆகும்.

நிற்க, நாம் வைத்தியரல்லேம். செபராங் பிறையிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். வீடு ஜார்ஜ் டவுனில். விடியுமுன் பாலத்தைக் கடந்து அக்கரை சென்று, மாலையில் இக்கரை திரும்புவது நம் தினசரி வாழ்க்கை. பள்ளியில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் பயின்ற நமக்கு, இவ்விஷயம் பற்றிய புத்தகங்களைத் தேடிப் படிக்க முடிந்தது. ஆங்கிலம் அறியாத நம்மவர் பலருக்கு இது எட்டாமல் இருப்பதை எண்ணியே, படித்ததையும் பட்டதையும் தமிழில் எழுதத் துணிந்தோம்.

மூன்று வருஷ காலமாக நமக்குத் தலைவலி இருந்து வந்தது. காலையில் இராது. பிற்பகல் மூன்று மணிக்குமேல் இரு பக்கத்து நெற்றிப்பொட்டிலும் தொடங்கி, யாரோ தலையைச் சுற்றிக் கயிற்றை முறுக்குவதுபோல் இறுகும். மாதக் கடைசியில், சம்பளக் கணக்கு முடிக்கும் வாரத்தில், அது தவறாமல் வந்து நிற்கும். மாதத்தில் 12 நாள், சில மாதங்களில் 15 நாள்கூட வலியோடு கழிந்ததுண்டு. மூக்குக் கண்ணாடியைப் புதிதாக மாற்றினோம். இரத்த அழுத்தம் அளந்து பார்த்தார்கள், குறையில்லை. அக்கம்பக்கத்தார் திருஷ்டி என்றார்கள். எலுமிச்சம் பழம் சுற்றிப் போடவும், மந்திரித்த கயிறு கட்டவும் யோசனை சொன்னார்கள். தலையைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கயிறு இறுகிக்கொண்டிருக்கக் கையில் வேறொன்று எதற்கு என்று சொல்லி மறுத்துவிட்டோம். ஆனால் அவர்களைப் பரிகசிக்க நமக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாத வலிக்கு ஏதாவதொரு பெயர் வேண்டுமென்று மனித மனம் தவிக்கின்றது. வைத்தியம் சரியான பெயரைக் கொடுக்கத் தவறும் இடத்தில்தான் திருஷ்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பின்னர் ஒரு நாள் கடைவாய்ப் பல்லொன்றின் ஓரம் உடைந்து போயிற்று. அதற்காக நகரத்திலுள்ள பல் வைத்தியசாலை ஒன்றிற்குச் சென்றோம். அங்கிருந்த இளம் வைத்தியர் ஒரு தமிழ்ப் பெண்மணி. உடைந்த பல்லை அடைத்து முடித்த பின்னும் அவர் நம்மை எழுந்திருக்க விடவில்லை. பற்களின் மேற்பாகம் தேய்ந்து தட்டையாகி இருப்பதையும், நாக்கின் ஓரத்தில் பற்களின் தடம் பதிந்திருப்பதையும் கண்டு, “ஐயா, உங்களுக்குத் தலைவலி வருவதுண்டா?” என்று வினவினார். உண்டு என்றோம். அவர் நெற்றிப்பொட்டில் ஒரு விரலை வைத்து, அவசரப்படாமல் சற்று அழுத்தினார். வலி கிளம்பிற்று. “இது புதிய வலியா, நீங்கள் அறிந்த வலியா?” என்றார். “அதே வலிதான், டாக்டர்” என்றோம். உடனே அவர், “இப்பொழுது உங்கள் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, பாருங்கள்” என்றார். தொட்டுக்கொண்டுதான் இருந்தன.

அக்கேள்வி சாதாரணக் கேள்வியன்று என்பது பின்னால் படித்தபோது விளங்கிற்று. 2014இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட தாடை மூட்டு நோய்களின் நிர்ணய முறையில் இதுவே முக்கியமான சாட்சியாக வைக்கப்பட்டிருக்கிறது. எங்கேனும் அழுத்தினால் எவருக்கும் சிறிது நோகும், அது சாட்சியாகாது. நெற்றிப்பொட்டுத் தசையை அழுத்தும்போதோ, தாடையை அசைக்கும்போதோ, நோயாளி பல நாளாக அனுபவித்து வரும் அதே தலைவலி கிளம்ப வேண்டும். தாடையின் அசைவினால் அது கூடவோ குறையவோ வேண்டும். அப்பொழுதுதான் அத்தலைவலியைத் தாடையின் கணக்கில் எழுதலாம். சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் 2018ஆம் வருஷப் பட்டியலிலும், தாடை மூட்டு நோயினால் உண்டாகும் தலைவலி தனியொரு வகையாக இடம் பெற்றிருக்கின்றது.

வைத்தியர் சொன்ன சிகிச்சை மிக எளியது. சிவப்புப் பொட்டுத் தாள்களை வாங்கிக் கண்ணில் படும் இடங்களிலெல்லாம் ஒட்டிவைக்கச் சொன்னார். கணினித் திரையின் ஓரத்தில் ஒன்று, செக்ரோல் புத்தகத்தின் அட்டையில் ஒன்று, டெலிபோனில் ஒன்று, மோட்டார் சைக்கிளில் ஒன்று என ஒட்டினோம். அதைக் காணும்போதெல்லாம் பற்கள் எவ்வாறிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் தாடையைத் தளர்த்தி, தோளை இறக்கி, ஒரு மூச்சு விட்டு, நாக்கை அண்ணத்தில் வைக்க வேண்டும். இவ்வளவே. கணக்கெழுதும் தொழிலாளராகிய நாம் 14 நாள் இதற்கும் ஒரு கணக்கு வைத்தோம். வீட்டில் குழந்தைகளுடன் இருக்கையில் பல் கடிக்கவில்லை. எண்களைக் கூட்டும்போது கடித்தோம். டெலிபோன் மணி அடித்தால் கடித்தோம். மேலிடத்து உத்தரவைத் தொழிலாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய வேளைகளிலே மிகவும் பலமாகக் கடித்தோம்.

கிராணியின் நிலை எத்தகையது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் அறிவர். மேலிருந்து வரும் சொல் அவன் வாயின் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். கீழிருந்து எழும் சொல்லோ அவன் வாயோடு நின்றுவிடும். உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்யும் வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர், மழை மிகுந்த ஒரு மாதக் கடைசியில் நம்மிடம் வந்து, “கிராணி ஐயா, பெரட்டுக்கு வந்து மழையிலே திரும்பிப்போன நாளுக்கு ஒன்றும் கிடையாதா?” என்று கேட்டார். “மேலிடத்து முடிவு, அம்மா” என்றோம். “சரிங்க ஐயா” என்று சொல்லிப் போய்விட்டார். அவர் கோபித்திருந்தால் நமக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் போன பின்பு சிவப்புப் பொட்டைப் பார்த்தோம். தாடை கல்லாகியிருந்தது.

அடுத்த மாதம் முதல், பெரட்டுக்கு வந்து மழையால் திருப்பியனுப்பப்பட்டவர்களின் பெயரையும் நாளையும் தனித் தாளில் குறித்து மேலிடத்திற்கு அனுப்ப அனுமதி கேட்டோம். கிடைத்தது. தாள்கள் போய்க்கொண்டிருக்கின்றன, முடிவு இன்னும் வரவில்லை. இதனால் தலைவலி தீர்ந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. தலைவலி குறைந்தது தசைக்குக் கொடுத்த ஓய்வினால். அதுவும் ஒரு நாளில் அன்று, ஏறக்குறைய இரண்டு மாதத்தில். இப்பொழுது மாதத்திற்கு மூன்று அல்லது நான்கு நாள்தான் வருகின்றது. ஆயினும், எந்தெந்தச் சொற்களை நாம் விழுங்கி வந்தோம் என்பதை நமக்கு முதலில் காட்டிக் கொடுத்தது நம் தாடையே என்பதை மறைப்பதற்கில்லை.

தாடைக்கும் தலைவலிக்கும் உள்ள சம்பந்தம் வைத்திய உலகில் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயி நகரத்தில் காது மூக்கு தொண்டை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன் என்பவர், 1934இல் 11 நோயாளிகளின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். காதடைப்பு, தலைசுற்றல், தலைவலி ஆகியவற்றோடு வந்த அவர்களுக்குத் தாடை மூட்டின் கோளாறே காரணம் என்றும், கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை அளவுக்கு மேல் மூடி மூட்டை நெருக்குகிறது என்றும் அவர் கூறினார். அந்நோய்க்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. மூட்டு பின்னோக்கிச் சென்று நரம்பையும் காதையும் அழுத்துகிறது என்று அவர் கொடுத்த விளக்கம், பின்வந்த உடற்கூற்று ஆராய்ச்சியாளரால் மறுக்கப்பட்டது. அவர் கண்ட நோய் உண்மை. சொன்ன காரணம் நிற்கவில்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒரு கூற்றை என்றும் பிடித்துக்கொண்டிராமல், சோதித்துத் தள்ளுவதைத் தள்ளிக் கொள்வதைக் கொள்வதே விஞ்ஞானத்தின் பெருமை.

ஆனால் அப்பெருமைக்கு நோயாளிகள் கொடுத்த விலையும் உண்டு. பற்கள் பொருந்தாமையே காரணம் என்று நம்பிய காலத்தில், நல்ல பற்களை அராவிச் சமன் செய்தார்கள். 1980களில் அமெரிக்காவில், நழுவிய தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளை மூட்டில் வைத்தார்கள். அவை உள்ளேயே சிதைந்து எலும்பை அரித்ததால், 1990, 1991ஆம் வருஷங்களில் அந்நாட்டு அரசாங்கம் எச்சரிக்கை விடுத்து அவற்றை விலக்க நேர்ந்தது. இன்றைய வைத்தியம் இப்பாடங்களைக் கற்றுப் பணிவடைந்திருக்கிறது. 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த வழிகாட்டுக் குறிப்புகள், நாட்பட்ட தாடை வலிக்கு நோயைப் பற்றிய விளக்கம், மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, கைவைத்துத் தளர்த்தும் சிகிச்சை, மனத்தையும் பழக்கத்தையும் திருத்தும் முறைகள் ஆகியவற்றையே முன் வைக்கின்றன. திரும்பப் பெற முடியாத மாற்றங்களையும், தட்டை அறுத்தெடுக்கும் சிகிச்சையையும் வேண்டாம் என்கின்றன. இரவில் அணியும் பற்கவசம் பற்கள் தேயாமல் காக்கும். வலியைத் தீர்க்க அதையே முதன்மையாக நம்புவதற்கு ஆதாரம் போதாது. ஆகவே எவரேனும் முதல் நாளிலேயே பற்களை அராவ வேண்டும், அறுக்க வேண்டும் என்று சொன்னால், தோழர்கள் வேறொரு வைத்தியரின் அபிப்பிராயத்தையும் கேட்பது நலம்.

இரவில் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பது வேறொரு வகை. அருகில் படுத்திருப்பவருக்குத் தெரியுமேயன்றிக் கடிப்பவருக்குத் தெரியாது. குழந்தைகள் அவ்வாறு கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பூச்சி இருந்தால் அதற்கு மருந்து கொடுக்க வேண்டியதே. ஆனால் பல் கடிப்பதை மட்டும் பூச்சிக்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது வயதோடு தானே நின்றுவிடும். பெரியவர்கள் பல் கடிப்பதோடு பலமாகக் குறட்டை விட்டு, மூச்சுத் திணறி விழித்து, காலையில் தலைவலியோடு எழுவார்களாயின், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் உண்டா என்று சோதிக்க வேண்டும். இரவில் மிகுதியாகக் குடிக்கும் காப்பியும், மதுவும், புகையும் பல் கடிப்பதை அதிகப்படுத்தக் கூடியவை.

இவ்வளவு சொன்னதைக் கொண்டு, தலைவலி எல்லாம் தாடையினால்தான் என்று எவரும் கொள்ளலாகாது. ஒற்றைத் தலைவலிக்காரர் பலருக்குத் தாடை வலியும் சேர்ந்தே இருக்கும். அப்பொழுது இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். அபாய அடையாளங்கள் சில உள. திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ கூடிய தலைவலி ஆகிய இவை வந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி தோன்றி, மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, நெற்றிப்பொட்டைத் தொட்டாலே நோகுமாயின், அது அங்குள்ள இரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கக்கூடும். தாமதித்தால் கண் பார்வை போய்விடும். நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ தாடையில் வலி எடுத்து மார்பும் இறுகினால், அது பல் வைத்தியரிடம் போக வேண்டிய நோயன்று, இருதயத்தின் முறையீடு.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனடோல் போன்ற சாதாரண மாத்திரைகளையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்திற்கு அதிகமாக விழுங்கி வந்தால், அம்மாத்திரைகளே தலைவலியை உண்டாக்கும் நிலை ஏற்படுகிறது. பல மருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கு மாதம் 10 நாளே எல்லை. தோட்டத்துச் சில்லறைக் கடையில் மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்குவதால், மாத்திரையும் மிட்டாயாகி விடாது. தசை வலிக்கு ஒத்தடம் உதவும். சில நாள் மெதுவான ஆகாரமும் உதவும். சூயிங்கத்தையும் ஐஸ் கட்டியைக் கடிப்பதையும் விட்டுவிட வேண்டும்.

தாடையின் உழைப்பைப் பேசும்போது, நாம் வாழும் தீவின் பெயரையே மறந்துவிட முடியாது. பினாங்கு என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். மாநிலக் கொடியிலும் பாக்கு மரமே நிற்கின்றது. நம் முன்னோர் பால் மரக் காட்டில் வேலை செய்த நாளில், இடுப்புப் பையிலிருந்த வெற்றிலை பாக்கே பசிக்கும் களைப்புக்கும் துணை. இன்றும் முதியோர் பலர் அதை விடவில்லை. நாள் முழுதும் பாக்கு மெல்லுவதால் தாடைத் தசை ஓயாமல் உழைக்கிறது என்பது சிறிய விஷயம்; அதனினும் பெரியதொன்று உண்டு. பாக்கின் சாரம் வாயின் உட்புறச் சவ்வை நாளடைவில் நார்போல் இறுகச் செய்கின்றது. வாய் திறப்பு வரவரக் குறுகுகின்றது; காரம் பட்டால் எரிகின்றது. இதுவும் தாடை மூட்டுக் கோளாறுதான் என்று எண்ணி ஏமாறலாகாது. இது புற்றுநோய்க்கு வழிகாட்டும் நோய். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை கலவாத வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்று தீர்மானித்திருக்கிறது. தம் கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்க இயலாதவர், காரணம் எதுவாயினும் பல் வைத்தியரைக் காண வேண்டும்.

பல் வைத்தியத்தில் இவ்வூருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பாதுகாக்கும் தாதியரைப் பயிற்றும் பள்ளி, நியூஸிலாந்து நாட்டு முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கிலேயே தொடங்கப்பெற்றது. பிள்ளைகளின் பல் கவனிக்கப்பட்டது. பெரியவர்களின் தாடையோ கேட்பாரற்றே கிடக்கிறது. பல் வைத்தியர் பல்லைப் பார்க்கிறார். மற்ற வைத்தியர் தலையைப் பார்க்கிறார். இரண்டிற்கும் இடையே இருக்கும் மூட்டு இருவர் கையிலும் அகப்படுவதில்லை. இக்குறையை அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாதமிகள் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் எடுத்துக் காட்டியிருக்கின்றது. பெரிய நாடுகளிலேயே இக்கதி என்றால், தோட்டத்து லயத்தில் இருப்பவர் தம் நோயைத் தாமே எடுத்துச் சொல்லத் தெரிந்துகொள்வது எவ்வளவு அவசியம்! “தலைவலி” என்று மட்டும் சொல்லாமல், “நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது கூடுகிறது, தாடை ஓசை செய்கிறது, பல் கடிக்கிறேன்” என்று நான்கு வார்த்தை சேர்த்துச் சொன்னால், வைத்தியரின் கை சரியான இடத்திற்குச் செல்லும்.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடத்திலேயே அதிகமாகக் காணப்படுகிறது என்று எல்லா நாட்டு வைத்தியர்களும் எழுதுகிறார்கள். தேகத்தின் அமைப்பு உள்ளிட்ட பல காரணங்கள் அதற்கு உண்டு. எனினும் நம் சமூகத்தில் “பல்லைக் கடித்துக்கொண்டு இரு” என்னும் வார்த்தையை வாழ்நாளில் அதிகமுறை கேட்பவர்கள் யாவர் என்பதை நாம் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பொறுமை வேண்டாம் என்பது நம் கட்சியன்று. கூட்டி வாழ்வதற்குப் பொறுமை இன்றியமையாதது. ஆனால் பொறுக்கத்தக்கது எது, பேசித் தீர்க்கத்தக்கது எது என்று பாகுபாடு செய்யாமல், எல்லாவற்றிற்கும் ஒரே புத்திமதியாகப் பல்லைக் கடிக்கச் சொல்வது புத்திமதியாகாது. கேட்பவரின் வாயை அடைப்பதே ஆகும்.

ஆகவே அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, தலைவலியால் வருந்துவோர் இன்று தொடங்கி 14 நாள் தங்கள் பற்களைக் கவனித்து, எந்த வேளையில், எந்தக் காரியத்தில், யார் முன்னிலையில் அவை சேருகின்றன என்பதை ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். அத்தாளை எடுத்துக்கொண்டு அரசாங்கப் பல் வைத்தியசாலைக்குச் சென்று காட்டுங்கள். அது எந்த மாத்திரையினும் உதவும். இரண்டாவது, வீட்டில் மகளோ மருமகளோ, வேலைத் தலத்தில் இளையவரோ நம்மிடம் வந்து முறையிடும்போது, பழைய புத்திமதியைச் சொல்வதற்கு முன்னால், “என்ன நடந்தது, சொல்லு” என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பேசுகின்ற வாயில் பற்கள் சேர்ந்திருக்க முடியாது.